ஹாங்காங் கணக்குக்கு மாற்றி அனுப்பலாமா?

கேள்வி: கோவையில் சின்னதாக ஒரு டூல் ரூம் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் மோல்டு, டை வேலைகள். மின்பொறியால் உலோகத்தை அரித்து வடிவம் கொடுக்கும் இ.டி.எம். மெஷினில் எலெக்ட்ரோடு செய்யத் தேவையான கிராஃபைட் பிளாக்குகளைச் சில வருடங்களாகச் சீனாவின் டாலியன் நகரத்தில் உள்ள ஒரு டிரேடிங் கம்பெனியிடம் வாங்கி வருகிறேன். இந்த ஆர்டருக்கு 30 சதவீதம் அட்வான்ஸ் டாலரில் போய்ச் சேர்ந்துவிட்டது. சரக்கு இன்னும் கப்பலில் ஏறவில்லை. மீதியை அனுப்பப் போனால், "ஏவுகணை போன்ற ஆயுதப் பரவலுக்காக அமெரிக்கா தடை போட்ட ஒரு கம்பெனியின் பெயரோடு ஒத்துப்போகிறது" என்று வங்கியில் நிறுத்திவிட்டார்கள். சப்ளையரிடம் சொன்னேன். "எங்கள் ஹாங்காங் கம்பெனி கணக்குக்கு இரண்டு தவணையாக அனுப்புங்கள், இன்வாய்ஸில் 'கார்பன் பொருள்கள்' என்று போட்டுத் தருகிறேன்" என்று வீசாட்டில் பதில் வந்தது. ஏவுகணைக்கும் எனக்கும் என்னங்க சம்பந்தம்? அமெரிக்காக்காரன் போட்ட லிஸ்ட்டுக்கு நம் ஊர் வங்கி ஏன் பயப்பட வேண்டும்? அவர் சொன்னபடி அனுப்பிவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்குத்தான் அவசரமாகப் பதில் வேண்டும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாங்காங் கணக்குக்கு ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். அந்த வீசாட் செய்தியை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவருக்கு எழுதுவதென்றால், "எங்கள் வங்கி கேட்கும் விவரங்களை முதலில் அனுப்புங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "சரி, பார்க்கிறேன்" என்றுகூட வேண்டாம். நாளைக்கு யாராவது அதைப் படித்தால், நீங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்த மாதிரி இருக்கும்.

பெயர் ஒத்துப்போவது தற்செயலாக நடக்கலாம். டாலியனில் மட்டும் ஒரே மாதிரி ஆங்கிலப் பெயர் வைத்த வணிக நிறுவனங்கள் ஏராளம். ஆனால் பணம் வாங்குபவரின் பெயரை மாற்று, தொகையைப் பிரி, பொருளின் பெயரையும் மாற்று என்று மூன்றையும் ஒரே செய்தியில் சொல்கிறவர், இந்த மாதிரித் தடங்கலை ஏற்கெனவே பார்த்துப் பழகியவர் என்றுதான் எனக்குப் படுகிறது. நேர்மையான சப்ளையராக இருந்தால் வங்கி ஏன் நிறுத்தியது என்று உங்களையே நாலு கேள்வி கேட்டிருப்பார், கோபப்பட்டிருப்பார், லைசென்ஸ் காப்பியை அனுப்பியிருப்பார்.

ஏவுகணைக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். உங்களுக்கு இல்லை, உங்கள் கிராஃபைட்டுக்கு இருக்கிறது. திட எரிபொருள் ராக்கெட்டின் பின்பக்கம் எரிந்த வாயு பீறிட்டு வெளியேறும் குறுகலான தொண்டைப் பகுதியை இரும்பிலோ அலுமினியத்திலோ செய்தால் அந்தச் சூட்டில் உருகிவிடும். நுண்துகள் கிராஃபைட் தாங்கும். வளிமண்டலத்துக்குள் திரும்பி இறங்கும் ஆயுத முனைக்கும் அதுவே. அதனால் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டின் (எம்.டி.சி.ஆர்.) பட்டியலில் கிராஃபைட்டுக்கு என்று ஒரு பத்தியே இருக்கிறது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.72 கிராம் அல்லது அதற்கு மேல், துகள் அளவு 100 மைக்ரான் அல்லது அதற்குக் கீழ், பிளாக்காக இருந்தால் 120 x 120 x 50 மில்லிமீட்டர் அல்லது அதற்குப் பெரியது. இப்போது உங்கள் சப்ளையரின் டேட்டா ஷீட்டை எடுத்துப் பாருங்கள். நல்ல இ.டி.எம். கிரேடு பெரும்பாலும் 1.75-க்கு மேல் இருக்கும், துகள் பத்துப் பதினைந்து மைக்ரானைத் தாண்டாது. நீங்கள் அதில் ஒரு பக்கெட் மோல்டுக்கு எலெக்ட்ரோடு கடைகிறீர்கள், வேறு ஒருவர் ராக்கெட்டின் அந்தத் தொண்டையை, அதாவது நாசிலை, கடைவார். பொருளைப் பார்த்து யார் எதற்கு வாங்குகிறார் என்று சொல்ல முடியாது என்பதால்தான் விற்கிறவரையும் வாங்குகிறவரையும் தோண்டித் துருவுகிறார்கள்.

டாலியன் என்ற ஊர்ப் பெயரைப் பார்த்ததும் வங்கியில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அதற்கும் காரணம் உண்டு. இந்தத் துறையில் இருக்கிற எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு வழக்கு அந்த ஊருடையது.

லி ஃபாங்வெய் என்பவர், கார்ல் லீ என்றும் பெயர் வைத்துக்கொண்டவர், டாலியனில் லிம்ட் என்ற வணிக நிறுவனத்தை நடத்தினார். உலோகம், கிராஃபைட், உயர்ரக அலுமினியம், டங்ஸ்டன்-செம்புக் கலவை என்று தொழிற்சாலைகள் வாங்குகிற சரக்குகள்தான். ஈரானின் ஏவுகணைத் திட்டத்துக்குச் சரக்கு கொடுத்ததாகச் சொல்லி 2006 ஜூனில் அமெரிக்க நிதித்துறை லிம்ட்டைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. கடை மூடப்படவில்லை, போர்டு மட்டும் மாறியது. ஒரே அலுவலகம், ஒரே ஆட்கள், புதிது புதிதாகப் பெயர்கள். பணம் அந்தப் பெயர்களில் நியூயார்க் வங்கிகள் வழியாகவே போய் வந்துகொண்டிருந்தது. 2009 ஏப்ரலில் மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் 118 குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தார். அப்போதும் நிற்கவில்லை. 2014 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை இன்னொரு வழக்கைக் கொண்டுவந்தது: 2006-க்குப் பிறகு 165-க்கும் மேற்பட்ட டாலர் பரிவர்த்தனைகள், மொத்தம் சுமார் 85 லட்சம் டாலர், எல்லாம் முகமூடிக் கம்பெனிகளின் பெயரில் என்றது. 8 நிறுவனங்களைப் புதிதாகப் பட்டியலில் சேர்த்தார்கள். அவரைப் பிடிக்கத் தகவல் தருபவருக்கு 50 லட்சம் டாலர் வரை பரிசு என்றார்கள்.

உங்களுக்கு முக்கியமான தகவல் இதற்கு அடுத்தது. அதே சமயத்தில் அவருக்குச் சேர வேண்டியதாகச் சொல்லி 68 லட்சம் டாலருக்கும் மேல் கைப்பற்றினார்கள். லி அமெரிக்காவில் கணக்கு வைத்திருக்கவில்லை. அவர் கணக்கு வைத்திருந்த வெளிநாட்டு வங்கிகளுக்கு, டாலரைக் கைமாற்ற நியூயார்க் வங்கிகளில் தொடர்புக் கணக்கு இருந்தது. அதிலிருந்து எடுத்தார்கள்.

நம் ஊர் வங்கி ஏன் பயப்படுகிறது என்ற கேள்விக்கும் இதுதான் பதில். கோவையிலிருந்து டாலியனுக்கு நீங்கள் அனுப்பும் டாலர் நேராகப் போவதில்லை. உங்கள் வங்கியின் நியூயார்க் தொடர்பு வங்கிக்குப் போய், அங்கிருந்து அவர்களுடைய வங்கியின் தொடர்பு வங்கிக்குப் போய், பிறகுதான் சீனாவுக்குப் போகிறது. நடுவில் சில நொடிகள் அது அமெரிக்க மண்ணில் இருக்கிறது. அந்தச் சில நொடிகளுக்கு அமெரிக்கச் சட்டம் முழுமையாகப் பொருந்தும். இந்திய அரசு ஐ.நா. பாதுகாப்பு அவை போட்ட தடையைத்தான் ஏற்கும், ஒரு நாடு தனியாகப் போடுகிற தடையை ஏற்காது என்பது உண்மை, வெளியுறவுத் துறை பலமுறை சொன்னதும்கூட. ஆனால் 2019 மே மாதத்தோடு ஈரான் கச்சா எண்ணெய் வாங்குவதை நாம் நிறுத்தியபோது ஐ.நா. எதையும் தடுத்திருக்கவில்லை. கொள்கை டெல்லியில் இருக்கிறது, டாலர் கணக்கு நியூயார்க்கில் இருக்கிறது. வங்கி மேலாளரைத் திட்டிப் பயனில்லை.

டாலர் இல்லாமல் யுவானிலோ திர்ஹாமிலோ அனுப்பினால் என்ன என்று அடுத்து யோசிப்பீர்கள். பட்டியலில் உண்மையாகவே இருக்கிற ஒருவரோடு தெரிந்தே பெரிய அளவில் வணிகம் செய்தால், அமெரிக்கரே அல்லாதவரையும் பட்டியலில் சேர்க்க அந்த நாட்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. நாணயத்தை மாற்றினால் நியூயார்க் வராது, பெயர் மாறாது. மோல்டு ஏற்றுமதி செய்கிற எண்ணம் என்றைக்காவது இருந்தால் இந்த விளையாட்டே வேண்டாம்.

அடுத்து, நீங்கள் வங்கியிடம் கேட்டிருக்க வேண்டிய, ஆனால் யாருமே கேட்காத ஒரு கேள்வி: எந்தப் பட்டியல்? "அமெரிக்கத் தடை" என்று பத்திரிகைகளில் ஒரே வார்த்தையாக வருவதில் குறைந்தது மூன்று வகை கலந்திருக்கிறது.

மிகக் கடுமையானது நிதித்துறையின் ஓஃபாக் அலுவலகம் வைத்திருக்கும் எஸ்.டி.என். பட்டியல். பேரழிவு ஆயுதப் பரவலுக்காக இதில் சேர்ப்பது 13382 என்ற எண்ணுள்ள அதிபர் ஆணையின் கீழ், 2005-இல் புஷ் கையெழுத்திட்டது. இதில் பெயர் இருந்தால் அமெரிக்க வங்கி பணத்தைத் திருப்பி அனுப்பாது, முடக்கிவைக்கும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். திருப்பி அனுப்பினால் கமிஷன் போக மீதி உங்கள் கைக்கு வரும். முடக்கினால் அது யாருக்கும் போகாமல் ஒரு தனிக் கணக்கில் உட்கார்ந்துவிடும். ஓஃபாக்கிடம் உரிமம் வாங்கினால்தான் அசையும், அதற்கு வருடக்கணக்கில் ஆகலாம். உங்கள் வங்கி பணத்தைக் கோவையிலேயே நிறுத்தியது உங்களுக்குச் செய்த உபகாரம். அட்வான்ஸ் போன வழியை நினைத்தால் எனக்கே கொஞ்சம் பக்கென்று இருக்கிறது.

இரண்டாவது, வணிகத்துறையின் 'என்டிட்டி லிஸ்ட்'. இது அமெரிக்கச் சரக்கும் தொழில்நுட்பமும் அந்தக் கம்பெனிக்குப் போகாமல் தடுப்பதற்கு. அந்தக் கம்பெனியிடமிருந்து நீங்கள் வாங்குவதை அது நேரடியாகத் தடுப்பதில்லை. வங்கிகள் இதற்கும் தயங்கும், ஆனால் பேசிப் புரியவைக்க முடியும்.

மூன்றாவது, அமெரிக்க வெளியுறவுத் துறை ஏவுகணைச் சட்டங்களின் கீழும், ஈரான், வடகொரியா, சிரியா பரவல் தடுப்புச் சட்டத்தின் கீழும் போடுவது. குறிப்பிட்ட காலத்துக்கு அமெரிக்க அரசு அவர்களிடம் வாங்காது, ஏற்றுமதி உரிமம் தராது என்ற அளவில் பெரும்பாலும் நிற்கும். தனியார் பணம் இதனால் முடங்காது.

ஒரே நாளில் இரண்டு வகையும் வந்ததற்கு நல்ல உதாரணம் 2024 செப்டம்பர். பாகிஸ்தானின் ஷாஹீன்-3, அபாபீல் ஏவுகணைகளுக்கான ராக்கெட் மோட்டார்களைச் சோதிக்கும் கருவி விஷயத்தில், பெய்ஜிங்கில் உள்ள ஓர் இயந்திர ஆய்வு நிறுவனத்தை 13382 ஆணையின் கீழ் கொண்டுவந்தார்கள். ஹூபெய் ஹுவாசாங்டா, சியான் லோங்டே போன்ற மற்ற சீன நிறுவனங்கள் மேல் ஏவுகணைச் சட்டத்தை மட்டும் போட்டார்கள். மறுநாள் செய்தியில் எல்லாமே "சீன நிறுவனங்களுக்குத் தடை"தான். பணம் அனுப்புகிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

ஆகவே நாளைக்கு வங்கிக்குப் போய், எந்தப் பட்டியல், எந்தப் பெயர், எதனால் பொருந்துகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பெயர் மட்டுமா, முகவரியுமா? அப்படியே அட்வான்ஸின் ஸ்விஃப்ட் காப்பியையும் (வங்கிகளுக்கு இடையே போன பணச் செய்தியின் நகல்) அதன் யு.இ.டி.ஆர். எண்ணையும் (அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்) வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்துப் பணம் எந்தெந்த வங்கி வழியாகப் போனது, எப்போது வரவு வைக்கப்பட்டது என்று வங்கியே பார்த்துச் சொல்லும்.

பிறகு சப்ளையரிடம் ஒரே ஒரு காகிதம் கேளுங்கள்: அவருடைய வணிக உரிமம். சீன மொழியில் இருக்கும், பரவாயில்லை. அதில் 18 இலக்கத்தில் ஓர் ஒருங்கிணைந்த சமூகக் கடன் குறியீடு இருக்கும். நம் பான் எண் மாதிரி அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியது. நிறுவனங்களுக்கு அது பொதுவாக 91 என்று தொடங்கும். அடுத்த ஆறு இலக்கம் பதிவான ஊர். டாலியனில் பதிவான கம்பெனி என்றால் அங்கே 2102 என்று தொடங்க வேண்டும். ஆங்கிலப் பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், சீனாவில் அதற்குப் பதிவே கிடையாது. சட்டப்படியான பெயர் சீன எழுத்தில் உள்ளதுதான். அந்த எழுத்துகளையும், உங்கள் பழைய இன்வாய்ஸ்களில் குத்தியிருக்கும் வட்டமான சிவப்பு முத்திரையில் உள்ள எழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். படிக்கத் தெரிய வேண்டியதில்லை, படம் மாதிரி பார்த்தால் போதும். பல வருட இன்வாய்ஸ்களில் முத்திரை இரண்டு மூன்று விதமாக இருந்தால், நீங்கள் ஒரு கம்பெனியிடம் வாங்கவில்லை என்று அர்த்தம்.

ஓஃபாக்கின் தேடல் பக்கம் இலவசம், யாரும் பார்க்கலாம். சமீப காலப் பதிவுகள் பலவற்றில் இந்த 18 இலக்க எண்ணும் இருக்கிறது. எண் வேறு, முகவரி வேறு, உரிமையாளர் வேறு என்றால் பெயர்ப் பொருத்தம் வெறும் பொருத்தம்தான், வங்கி விடுவித்துவிடும். உரிமையாளரையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், பட்டியலில் உள்ளவர்கள் சேர்ந்து 50 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கம்பெனி, தன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் முடக்கத்துக்கு உட்பட்டது. ஹாங்காங் கம்பெனி எப்போது பதிவானது என்பதையும் அந்த ஊர்ப் பதிவகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். போன மாதம் பிறந்த கம்பெனி என்றால் நான் மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் அரசியல்தானே என்று உங்கள் கடிதத்தின் தொனி கேட்கிறது. அரசியல்தான். 1993-இல் யின்ஹே என்ற சீனச் சரக்குக் கப்பல் ஈரானுக்கு ரசாயன ஆயுத மூலப்பொருள் கொண்டுபோவதாக அமெரிக்கா சொன்னது. கப்பல் கடலில் அலைக்கழிந்து, கடைசியில் சவூதியின் தம்மாம் துறைமுகத்தில் சோதனையிட்டார்கள். சொன்ன சரக்கு எதுவும் இல்லை. வாஷிங்டன் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைச் சீனர்கள் இன்னும் மறக்கவில்லை. இன்னொரு பக்கம், பெயர் நீக்கமும் நடக்கிறது. லிம்ட்டோடு ஒரே நாளில் பட்டியலில் சேர்ந்த சீனா கிரேட் வால் நிறுவனம், செயற்கைக்கோள் ஏவும் தொழில் செய்வது, இரண்டே வருடத்தில் 2008-இல் வெளியே வந்தது. அன்றைக்குச் சேர்ந்த இன்னொன்று, ஏவுகணை ஏற்றுமதி செய்யும் சீன நிறுவனமான சி.பி.எம்.ஐ.இ.சி. அது பட்டியலில் இருக்கும்போதே துருக்கி 2013-இல் அதனிடம் சுமார் 340 கோடி டாலருக்கு வான் பாதுகாப்பு ஏவுகணை வாங்கத் தேர்ந்தெடுத்தது. நேட்டோ நாடுகள் குடைச்சல் கொடுத்தன, 2015 நவம்பரில் துருக்கி அதைக் கைவிட்டது. துருக்கிக்கே அந்த நிலை என்றால் நீங்களும் நானும் எம்மாத்திரம்.

ஆனால் "அமெரிக்காவின் தலைவலி" என்று மட்டும் இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 ஜனவரியில் மும்பை நவசேவா துறைமுகத்தில், சீனாவிலிருந்து கராச்சிக்குப் போன கப்பலில் இருந்து, கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் ஒரு சி.என்.சி. இயந்திரத்தை நம் சுங்கத்துறை இறக்கியது. காகிதங்களில் அனுப்புபவர் ஒருவர், உண்மையில் அனுப்பியவர் வேறொருவர் என்று சொன்னார்கள். அதே வருடம் மே மாதம் சென்னைக்குப் பக்கத்தில், காட்டுப்பள்ளியில். ஷாங்காயிலிருந்து கராச்சி போகும் வழியில் வந்த கப்பலில், ராவல்பிண்டி நிறுவனம் ஒன்றுக்கான நூற்றுக்கு மேற்பட்ட டிரம்கள், மொத்தம் இரண்டரை டன் அளவுக்கு சி.எஸ். எனப்படும் ரசாயனம். கண்ணீர்ப்புகைக்கான சரக்குதான் என்று பாகிஸ்தான் சொன்னது. கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பொருள் என்று நம் ஆட்கள் பறிமுதல் செய்தார்கள். இதற்கெல்லாம் அடிப்படை நம்முடைய 2005-ஆம் வருடப் பேரழிவு ஆயுதச் சட்டமும் சுங்கச் சட்டமும். 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, இந்த மாதிரி வேலைக்குப் பணம் கொடுப்பதும் குற்றம்.

இன்வாய்ஸில் பெயர் மாற்றுவதாக அவர் சொன்னதற்கும் இதே சுங்கச் சட்டம்தான் பதில். கிராஃபைட் பிளாக்கை 'கார்பன் பொருள்கள்' என்று எழுதி பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி அறிவிப்பு) போட்டால் தவறான அறிவிப்பு, சரக்கைப் பறிமுதல் செய்யலாம். தெரிந்தே பொய்க் காகிதம் கொடுத்தால் 114ஏஏ பிரிவில் சரக்கு மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம். மாட்டப்போவது டாலியனில் இருப்பவர் இல்லை. வெளிநாட்டில் இதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. 2017-இல் சிங்கப்பூரின் சி.எஸ்.இ. குளோபல், ஈரான் வேலைக்கான பணத்தை ஈரான் பெயர் வராமல் டாலரில் அனுப்பியதற்காக ஓஃபாக்குக்கு 1.2 கோடி டாலர் கட்டியது. அமெரிக்க வங்கியைத் தெரியாமல் தவறு செய்ய வைத்தீர்கள் என்பதுதான் குற்றம்.

இன்னொன்று, சீனாவின் சொந்தச் சட்டம். 2023 டிசம்பர் 1 முதல், தூய்மை 99.9 சதவீதத்துக்கு மேல், வளைவு வலிமை 30 மெகாபாஸ்கலுக்கு மேல், அடர்த்தி 1.73-க்கு மேல் உள்ள செயற்கை கிராஃபைட்டை ஏற்றுமதி செய்ய பெய்ஜிங்கின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு விண்ணப்பிக்க, வாங்குபவர் யார், எதற்கு என்ற இறுதிப் பயனர் சான்று தேவை. உங்கள் சப்ளையர் அதற்குப் பிறகு உங்களிடம் அப்படி ஒரு சான்று கேட்டாரா? உங்கள் கிரேடு இந்த மூன்று எல்லைகளையும் தாண்டியும் அவர் கேட்கவே இல்லை என்றால், சரக்கு எந்தப் பெயரில் சீனாவை விட்டு வெளியேறியது என்று யோசியுங்கள். 'கார்பன் பொருள்கள்' என்ற யோசனை அவருக்குப் புதிது இல்லை போலும்.

அட்வான்ஸ் விஷயம். பொருத்தம் பொய் என்று ஆனால் பிரச்சினை இல்லை, அதே பெயர், அதே கணக்கு, சரியான விவரத்தோடு மீதியை அனுப்புங்கள், சரக்கை வாங்குங்கள். பொருத்தம் உண்மை என்று ஆனால் அந்த 30 சதவீதத்தை மறந்துவிடத் தயாராகுங்கள். திருப்பித் தருகிறேன் என்று அவர் சொன்னாலும் நீங்களாக வாங்கிக்கொள்ளாதீர்கள், வங்கியிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்ட பிறகுதான். சரக்கு வராத முன்பணத்துக்கு வங்கி உங்களிடம் கணக்குக் கேட்கும், அதற்காகவும் எல்லாக் கடிதப் போக்குவரத்தையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

இடையில் மெஷின் சும்மா நிற்கக் கூடாது. ஜப்பானின் டோயோ டான்சோ, ஜெர்மனியின் எஸ்.ஜி.எல். கார்பன், பிரான்சின் மெர்சன் போன்றோரின் கிரேடுகளை இந்திய டீலர்களிடம் விசாரியுங்கள். டாலியன் விலைக்குக் கிடைக்காது, அதை மோல்டு விலையில் எப்படிச் சேர்ப்பது என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்களும் இறுதிப் பயனர் படிவம் நீட்டலாம். எரிச்சல்படாமல் எந்த மோல்டு, எத்தனை கிலோ, மிச்சத் துண்டுகள் எங்கே போகும் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மிச்சத் துண்டுகளை இத்தனை நாள் யாராவது வந்து வாங்கிப்போகிறார் என்றால், அவர் யார் என்றும் ஒரு தடவை விசாரித்து வையுங்கள்.